அற்புத உலகத்தின் வகுப்பறை

லூயிஸ் கரோல் எழுதி 1865-இல் வெளிவந்த ஆலிஸின் கதை, குழந்தைகளுக்கான கற்பனை இலக்கியத்தில் தனி இடம் பெற்றது. முயல் ஒன்று மேலங்கிப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்துப் பதறி ஓடுகிறது. பூனை மறைந்த பிறகும் அதன் இளிப்பு அப்படியே நிற்கிறது. சீட்டுக்கட்டு ராணி எதற்கெடுத்தாலும் தலையை வெட்டச் சொல்கிறாள். எங்கும் இல்லாத உலகம் என்று தோன்றும் இதன் பெரும்பகுதி, 1860-களின் ஆக்ஸ்ஃபோர்டு நகரத்தில் கண்ணெதிரே இருந்ததுதான். அந்த ஊரின் கிணறு, மணிக்கூண்டு, அருங்காட்சியகம், சமையலறை என ஒவ்வொன்றும் கதைக்குள் வந்திருக்கிறது. இவை எல்லாவற்றையும்விட ஆழமாக வேர்விட்டிருப்பது அக்காலக் குழந்தைகளின் வகுப்பறை வழக்கம் ஒன்று: பாடத்தைப் பொருள் தெரியாமலேயே நெட்டுருப் போட்டு, பெரியவர்கள் கேட்டதும் ஒப்பிப்பது. கதையின் பாத்திரங்களையும் உட்பொருளையும் சொல்விளையாட்டையும் புரிந்துகொள்ள அந்த வழக்கத்தை அறிவதே நேர்வழி.

லூயிஸ் கரோல் என்பது புனைபெயர். சார்லஸ் லுட்விட்ஜ் டாட்ஜ்சன் 1832-இல் இங்கிலாந்தின் செஷயர் வட்டாரத்தில் டேர்ஸ்பரி என்ற சிற்றூரில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டின் கிரைஸ்ட் சர்ச் கல்லூரியில் 1855 முதல் கணித விரிவுரையாளராக இருந்தார். அதே ஆண்டில்தான் ஹென்றி லிடல் அக்கல்லூரியின் தலைவராக நியமிக்கப்பட்டார். லிடலின் மகள்கள் லொரினா, ஆலிஸ், ஈடித் மூவரையும் 1862 ஜூலை 4 அன்று டாட்ஜ்சன் படகில் அழைத்துச் சென்றார். உடன் துடுப்புப் போட்டவர் ராபின்சன் டக்வொர்த் என்ற நண்பர். ஃபாலி பாலத்திலிருந்து காட்ஸ்டோ வரை போன அந்தப் பயணத்தில் வாய்மொழியாகச் சொன்ன கதையை எழுதித் தரும்படி ஆலிஸ் கேட்டாள். தன் கையாலேயே எழுதி, 37 படங்களும் வரைந்த பிரதியை டாட்ஜ்சன் 1864 நவம்பரில் அவளுக்குப் பரிசளித்தார். பின்னர் கதையை விரித்து எழுதினார். மாக்மில்லன் பதிப்பகம் ஜான் டெனியலின் 42 படங்களோடு வெளியிட்டது. முதலில் அச்சான 2000 பிரதிகளில் படங்களின் அச்சுத் தரம் டெனியலுக்குப் பிடிக்காமல் போகவே, அவை விலக்கப்பட்டு நூல் புதிதாக அச்சடிக்கப்பட்டது.

படகில் இருந்தவர்கள் கதைக்குள் பறவைகளாக வருகிறார்கள். டக்வொர்த் வாத்து; லொரினா லோரி என்ற கிளி; ஈடித் கழுகுக் குஞ்சு; டாட்ஜ்சன் டோடோ. திக்குவாயர் என்பதால் தன் பெயரை ‘டோ-டோ’ என்று தொடங்குவார், அதனால் அந்தப் பறவை என்று ஒரு கதை உண்டு. அதைவிட நம்பத்தக்க காரணம் ஊரிலேயே இருந்தது. மொரீஷியஸ் தீவில் 17-ஆம் நூற்றாண்டிலேயே அற்றுப்போன டோடோவின் தலையும் காலும் ஆக்ஸ்ஃபோர்டில் பாதுகாக்கப்பட்டிருந்தன. 1860-இல் திறக்கப்பட்ட பல்கலைக்கழக இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் அவற்றோடு யான் சவரி 1651-இல் வரைந்த டோடோ ஓவியமும் இருந்தது. பரிணாமக் கொள்கை பற்றி ஹக்ஸ்லிக்கும் பிஷப் வில்பர்ஃபோர்ஸுக்கும் பெயர்பெற்ற விவாதம் நடந்ததும் அதே ஆண்டில், அதே கட்டடத்தில்தான். அழிந்த உயிர்களைப் பற்றி ஊரே பேசிக்கொண்டிருந்த காலத்தில் அவற்றுள் ஒன்று குழந்தைக் கதைக்குள் எழுந்து நடமாடியது.

தேநீர் விருந்தில் தூங்குமூஞ்சி எலி சொல்லும் பாகுக் கிணற்றின் கதைக்கும் இடம் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகே பின்ஸி என்ற சிற்றூரின் தேவாலய வளாகத்தில் புனித மார்கரெட் பெயரால் ஒரு கிணறு இருக்கிறது. நோய் தீர்க்கும் நீர் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. இன்று வெல்லப்பாகைக் குறிக்கும் ‘ட்ரீக்கிள்’ என்ற ஆங்கிலச் சொல், முன்பு நஞ்சு முறிக்கும் மருந்தைக் குறித்தது. அதனால் மருந்துக் கிணறு, சொல்லின் பொருள் மாறிய பிறகு, பாகு ஊறும் கிணறாகிவிட்டது. அக்கிணற்றின் அடியில் வாழ்வதாகச் சொல்லப்படும் மூன்று சகோதரிகளும் லிடல் சகோதரிகளே. எல்சி என்பது லொரினா சார்லட் என்ற பெயரின் முதலெழுத்துகளான எல், சி ஆகியவற்றின் ஒலி. லேசி என்பது ஆலிஸ் என்ற பெயரின் எழுத்துகளை மாற்றி அடுக்கியது. டில்லி, வீட்டில் ஈடித்தை அழைத்த மட்டில்டா என்ற செல்லப்பெயரின் சுருக்கம்.

காலம் பற்றிய கேலிக்கும் அந்த ஊரில் கண்முன் சான்று இருந்தது. ரயில் வருவதற்கு முன் இங்கிலாந்தின் ஒவ்வொரு ஊரும் தன் தலைக்கு மேலான சூரியனைக் கொண்டே நேரம் கணித்தது. கிரீன்விச்சுக்கு மேற்கே இருக்கும் ஆக்ஸ்ஃபோர்டின் நேரம் லண்டனுக்கு ஐந்து நிமிடம் பின்தங்கியது. 1840-களில் ரயில் கம்பெனிகள் லண்டன் நேரத்தை எங்கும் கொண்டுவந்தன. 1880-இல் அது நாடு முழுவதற்கும் சட்டமானது. கிரைஸ்ட் சர்ச் மட்டும் பழைய நேரத்தை விடவில்லை. அங்குள்ள பெரிய மணி இன்றும் இரவு 9:05-க்குத்தான் ஒன்பது மணிக்குரிய 101 முறை ஒலிக்கிறது. ஊருக்கு ஒரு நேரம், ரயிலுக்கு ஒரு நேரம் என்று இரண்டு கடிகாரக் கணக்குகளை அறிந்த ஒரு தலைமுறைக்கு, தாமதமாகிவிட்டது என்று ஓடும் முயலும், நேரத்தைக் காட்டாமல் தேதியைக் காட்டும் கடிகாரமும், ஆறு மணியிலேயே நின்றுபோன தேநீர் வேளையும் வெறும் விசித்திரங்களாகத் தோன்றியிருக்க முடியாது.

இனி வகுப்பறை. விக்டோரியா காலத்து வசதியான வீட்டுப் பெண்குழந்தைகள் பள்ளிக்குப் போவது குறைவு. வீட்டோடு இருக்கும் ஆசிரியை கற்பிப்பார். லிடல் வீட்டில் அந்தப் பொறுப்பு மிஸ் பிரிக்கெட்டினுடையது. பாடநூலை உரக்கப் படிப்பது, மனப்பாடம் செய்வது, கைகளை மடியில் கட்டி அமர்ந்து ஒப்பிப்பது என்ற ஒழுங்கில் நாள் நகரும். ஏழைக் குழந்தைகளின் பள்ளிகளிலும் இதே முறைதான், இன்னும் கடுமையாக. கதை பிறந்த 1862-ஆம் ஆண்டிலேயே அரசு புதிய கல்வி விதியைக் கொண்டுவந்தது. படித்தல், எழுதுதல், கணக்கு மூன்றிலும் ஆய்வாளர் முன் மாணவர் காட்டும் தேர்ச்சியைப் பொறுத்துப் பள்ளிக்கு மானியம் என்றது அந்த விதி. பிள்ளை தடுமாறினால் பள்ளிக்கு வருமானம் குறையும். ஆகவே ஆசிரியர்கள் பாடத்தைப் புரியவைப்பதை விட்டு ஒப்பிக்கவைப்பதில் முனைந்தார்கள். பலனைப் பொறுத்து மானியம் என்ற முறை சென்னை மாகாணத்துப் பள்ளிகளுக்கும் அந்த நூற்றாண்டிலேயே வந்து சேர்ந்தது.

மனப்பாடத்துக்குரிய பாட்டுகள் பெரும்பாலும் நல்லொழுக்கம் போதிப்பவை. ஐசக் வாட்ஸ் 1715-இல் குழந்தைகளுக்காக வெளியிட்ட பக்திப் பாடல்கள் நூற்றைம்பது ஆண்டுகள் கழித்தும் வீட்டுக்கு வீடு ஓதப்பட்டன. அவற்றில் ஒன்று தேனீயின் சுறுசுறுப்பைப் புகழ்வது; இன்னொன்று சோம்பேறியைப் பழிப்பது. ராபர்ட் சதி 1799-இல் எழுதிய பாட்டில், இளமையை வீணாக்காத முதியவர் தன் நிறைவான முதுமைக்குக் காரணம் சொல்கிறார். ஜேன் டெய்லர் 1806-இல் வெளியிட்ட நட்சத்திரப் பாட்டைத் தமிழ்நாட்டு மழலையர் வகுப்புகளில் இன்றும் கேட்கலாம். முயல் வளைக்குள் விழுந்த ஆலிஸ், தான் இன்னும் தானேதானா என்று சோதித்துப் பார்க்க இந்தப் பாட்டுகளை ஒப்பித்துப் பார்க்கிறாள். தேனீ இருந்த இடத்தில், சிறு மீன்களைச் சிரித்த முகத்தோடு வாய்க்குள் வரவேற்கும் முதலை வருகிறது. ஞான முதியவர் தலைகீழாக நிற்கிறார். சோம்பேறியின் இடத்தில் சிங்கி இறால் பேசுகிறது. தேநீர் விருந்தில் தொப்பிக்காரர் பாடும்போது நட்சத்திரத்தின் இடத்தில் வௌவால் பறக்கிறது. டாட்ஜ்சனின் கணித ஆசிரியர் பார்தலமியூ பிரைஸின் பட்டப்பெயரே வௌவால் என்பதுதான்.

இதை வெறும் கேலிப்பாட்டு என்று கடந்துபோவது போதாது. ஆலிஸ் இந்தப் பாட்டுகளைப் பகடி செய்ய முனையவே இல்லை. அவள் உண்மையாகவே ஒப்பிக்க முயல்கிறாள், வாயில் வேறு சொற்கள் வருகின்றன. பாட்டின் சந்தமும் எதுகையும் அடிக்கணக்கும் அப்படியே இருக்க, பொருள் மட்டும் கழன்று போய்விடுகிறது. நெட்டுருவின் பலவீனத்தை இதைவிடத் துல்லியமாகக் காட்டிய நூல் அந்த நூற்றாண்டில் அரிது. ஒலியை மட்டும் ஏற்றி வைத்த நினைவில் பொருளுக்கு நிலையான இருப்பிடம் இல்லை. கணிதம் கற்பித்த டாட்ஜ்சன், பொருள் அறியாமல் சூத்திரம் ஒப்பிக்கும் மாணவர்களையும் அன்றாடம் பார்த்திருப்பார்.

நூலின் சிலேடைகள் இதே இடைவெளியிலிருந்துதான் பிறக்கின்றன. காதால் மட்டும் பாடம் கேட்கும் பிள்ளைக்கு, ஒரே ஒலியுடைய இரண்டு சொற்களுக்கு நடுவே வேலி இல்லை. எலி தன் சோகக் கதையைச் சொல்ல வருகிறது; கதைக்கும் வாலுக்கும் ஆங்கிலத்தில் ‘டெயில்’ என்ற ஒரே ஒலி என்பதால், ஆலிஸ் அதன் வாலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், கதையும் அச்சில் வால் போலவே வளைந்து வளைந்து சிறுத்துப் போகிறது. பூமி தன் அச்சில் சுழல 24 மணி நேரம் ஆகும் என்று அவள் பாடத்தை எடுத்துவிட்டால், அச்சைக் குறிக்கும் ‘ஆக்ஸிஸ்’ கோமகளின் காதில் கோடரிகளாக விழுகிறது. உடனே தலையை வெட்டு என்கிறாள். கண்ணீர்க் குளத்தில் நனைந்த பிராணிகளைக் காயவைக்க எலி வறண்ட சங்கதி ஒன்றைச் சொல்லத் தொடங்குகிறது. அது நார்மன் படையெடுப்பைப் பற்றிய பாடநூல் பகுதி. ஹாவிலண்ட் செப்மெல் என்பவர் எழுதிய அந்த வரலாற்றுப் பாடநூல் லிடல் குழந்தைகள் படித்தது. அதை ஒரு சொல்லும் மாற்றாமல் எடுத்து வைத்தாலே வாசகர் சிரிப்பார்கள் என்று டாட்ஜ்சன் நம்பினார். அந்தக் குழந்தைகள் அதை எத்தனை முறை ஒப்பித்துச் சலித்திருக்க வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

போலி ஆமையும் கிரிஃபினும் தாங்கள் படித்த கடலடிப் பள்ளியை நினைவுகூரும் இடம் இந்த முறையின் உச்சம். படித்தலும் எழுதுதலும் அங்கே தள்ளாடுதலும் நெளிதலுமாக இருக்கின்றன. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நான்கும் பேராசை, கவனச்சிதறல், அசிங்கப்படுத்தல், ஏளனம் என்று ஒலிமாறி நிற்கின்றன. லத்தீனும் கிரேக்கமும் சிரிப்பும் துயரமுமாகிவிட்டன. வாரம் ஒரு முறை வந்து வகுப்பு எடுக்கும் விலாங்கு ஓவிய ஆசிரியர், லிடல் வீட்டுக்கு ஓவியம் கற்பிக்க வந்த கலை விமர்சகர் ஜான் ரஸ்கின்தான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. விடுதிப் பள்ளிகளின் கட்டணச் சீட்டில் பிரெஞ்சு, இசை, துணி வெளுப்பு ஆகியவற்றுக்குத் தனிக்கட்டணம் என்று எழுதியிருப்பார்கள். கதையில் துணி வெளுப்பும் ஒரு பாடமாகிவிடுகிறது. கடலுக்கு அடியில் துணி வெளுக்கக் கற்பது எதற்கு என்று ஆலிஸ் கேட்கும் கேள்விதான் அந்த உலகில் கேட்கப்படும் மிகத் தெளிவான கேள்வி.

போலி ஆமை என்ற பாத்திரமே சமையலறையிலிருந்து வந்தது. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து கப்பலில் வந்த பச்சை ஆமையின் சூப், 18-ஆம் நூற்றாண்டு முதல் லண்டன் நகர மேயரின் விருந்துகள் போன்ற பெரிய இடங்களில் தகுதியின் அடையாளமாக இருந்தது. விலை எட்டாதவர்கள் கன்றுக்குட்டியின் தலையை வேகவைத்து அதே வழுவழுப்பை உண்டாக்கி, போலி ஆமை சூப் என்று பரிமாறினார்கள். போலி ஆமை சூப் இருக்கிறதென்றால் போலி ஆமை என்ற பிராணியும் இருக்க வேண்டும் என்பது குழந்தையின் நேரான தர்க்கம். டெனியல் அதற்கு ஆமையின் ஓடும், கன்றுக்குட்டியின் தலையும் வாலும் குளம்புகளும் வைத்து வரைந்தார்; சூப்பின் செய்முறையே படமாகிவிட்டது. வைட்டிங் என்ற மீனுக்கு வால் வாயில் இருக்கும், உடலெங்கும் ரொட்டித் தூள் ஒட்டியிருக்கும் என்று ஆலிஸ் சொல்வதும் அப்படித்தான். வாலை வாயில் செருகி, ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்து வைப்பது அன்றைய வழக்கம். அவள் அந்த மீனைத் தட்டில் மட்டுமே கண்டிருக்கிறாள்.

தொப்பிக்காரரின் பைத்தியத்துக்குப் பின்னால் ஒரு தொழிலின் துயரம் இருக்கிறது. தொப்பி செய்பவரைப் போலப் பைத்தியம் என்ற வழக்கு இந்நூலுக்குப் பல ஆண்டுகள் முன்பே அச்சில் வந்துவிட்டது. முயல், பீவர் போன்றவற்றின் மயிரைக் கம்பளித் தகடாக அழுத்தித்தான் ஃபெல்ட் தொப்பி செய்வார்கள். மயிர் நன்றாகப் பின்னிக்கொள்ள, தோலைப் பாதரச நைட்ரேட் கரைசலால் தேய்த்து உலர்த்துவார்கள். மயிரின் நுனி கேரட் நிறத்துக்கு மாறும் என்பதால் தொழிலாளர்கள் இவ்வேலைக்குக் கேரட்டின் பெயரையே வைத்தார்கள். பிறகு ஆவி பிடித்தும் சூடேற்றியும் தொப்பிக்கு வடிவம் கொடுக்கும்போது பாதரச ஆவி கிளம்பும். காற்றோட்டமில்லாத பட்டறையில் ஆண்டுக்கணக்கில் அதைச் சுவாசித்தவர்களுக்குக் கை நடுங்கும், பேச்சுக் குழறும், பல் ஆடும், காரணமில்லாத கூச்சமும் எரிச்சலும் வரும். டாட்ஜ்சன் பிறந்த செஷயரிலேயே ஸ்டாக்போர்ட் என்ற ஊர் இத்தொழிலுக்குப் பெயர்பெற்றது. அமெரிக்காவில் தொப்பித் தொழிலுக்குப் பாதரசம் தடைசெய்யப்பட்டது 1941-இல்தான்.

கதையின் தொப்பிக்காரர் பாதரச நோயாளியா என்பது வேறு கேள்வி. நோய்க்குறியாகிய கூச்சம் அவரிடம் துளியும் இல்லை என்று மருத்துவ இதழில் வாதிட்டவர்கள் உண்டு. அந்த வாதம் சரியானதே. அவர் நடுங்குவது விசாரணை மண்டபத்தில், அரசனின் மிரட்டலால். டாட்ஜ்சன் ஒரு நோயாளியைச் சித்திரிக்கவில்லை. ஊரில் வழங்கிய பழமொழிக்கு உடலும் உடையும் கொடுத்தார். இனச்சேர்க்கைக் காலத்தில் துள்ளிக் குதிக்கும் மார்ச் முயலும், இளிக்கும் செஷயர் பூனையும் அதே வழியில் வந்தவைதான். பூனையின் இளிப்பு 1788-இலேயே கொச்சைச் சொல் அகராதியில் பதிவாகிவிட்டது. டெனியலின் படத்தில் தொப்பியில் செருகிய சீட்டு அதன் விலையைச் சொல்கிறது: பத்து ஷில்லிங் ஆறு பென்ஸ். நூலின் விலையே ஏழு ஷில்லிங் ஆறு பென்ஸ் என்றால், தொப்பிக்காரர் மலிவான சரக்கு விற்பவர் இல்லை.

இந்தப் பாத்திரங்கள் எல்லோருக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. அத்தனை பேரும் ஆலிஸுக்கு ஆசிரியர்கள். கம்பளிப்புழு ஒப்பிக்கச் சொல்கிறது, கிரிஃபின் ஒப்பிக்கச் சொல்கிறது. கோமகள் எதிலும் ஒரு நீதி கண்டுபிடிக்கிறாள். நீதிக்கதைகள் மலிந்த காலம் அது. மேரி மார்த்தா ஷெர்வுட் 1818-இல் எழுதிய குழந்தை நூலில், சண்டையிட்ட பிள்ளைகளைத் தந்தை தூக்குமரத்தில் தொங்கும் பிணத்தைப் பார்க்க அழைத்துப் போகிறார். அத்தகைய நூல்களுக்கு நடுவே, எந்த நீதியும் சொல்லாத கதையை டாட்ஜ்சன் குழந்தைகள் கையில் கொடுத்தார். ராணியின் குரோக்கே ஆட்டமும் காலத்தின் படமே. அயர்லாந்திலிருந்து 1850-களில் இங்கிலாந்துக்கு வந்த அந்த விளையாட்டு அப்போது புது மோகமாக இருந்தது. விதிகள் இன்னும் ஊருக்கு ஊர் வேறுபட்டன. டாட்ஜ்சனே 1863-இல் தனக்கென ஒரு வகைக் குரோக்கேவுக்கு விதி எழுதி அச்சிட்டார். கதையில் மட்டையும் பந்தும் வளையமும் உயிருள்ளவை. விதியோ ராணியின் வாய்ச்சொல். வளர்வதும் சுருங்குவதுமாக இருந்த ஆலிஸ் கடைசியில் நீதிமன்றத்தில் தன் முழு உயரத்துக்கு எழுந்து, நீங்கள் வெறும் சீட்டுகள்தானே என்ற கருத்தில் மறுத்துப் பேசும்போது, நூல் முழுதும் கேட்ட கட்டளைகளுக்கு விடை கிடைக்கிறது. பெரியவர்களின் அதிகாரம் அளவில் பெரியது என்பதால் மட்டுமே நிற்கிறது என்ற துணிவான எண்ணம் அதில் இருக்கிறது.

1871-இல் வந்த இரண்டாம் நூல், கண்ணாடிக்குள் ஆலிஸ் நுழையும் கதை, சொற்களை இன்னும் நெருங்கி ஆராய்கிறது. அதில் வரும் பொருள் விளங்காத வீரப்பாட்டின் முதல் பத்தியை டாட்ஜ்சன் 1855-இலேயே, குடும்பத்துக்குள் சுற்றிய கையெழுத்துப் பத்திரிகையில், பழைய ஆங்கிலோ-சாக்சன் செய்யுள் என்ற வேடத்தில் எழுதியிருந்தார். பழஞ்சொற்களுக்கு உரை காணும் புலமை அன்றைய ஆக்ஸ்ஃபோர்டின் பெருமை. ஆலிஸின் தந்தை லிடலே ராபர்ட் ஸ்காட்டுடன் சேர்ந்து 1843-இல் கிரேக்க-ஆங்கில அகராதியை வெளியிட்டவர். அது இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. ஹம்ப்டி டம்ப்டி அந்தப் பாட்டின் சொற்களுக்கு உரை சொல்வது உரையாசிரியர்களின் தொழிலையே நடித்துக் காட்டுகிறது. இரண்டு சொற்களை ஒன்றில் மடித்து வைப்பதை இரு அறைகள் கொண்ட பயணப் பெட்டியின் பெயரால் அவன் அழைக்கிறான். மொழியியலாளர்கள் அந்தப் பெயரையே கலைச்சொல்லாக ஏற்றார்கள். அகராதி தொகுத்த ஸ்காட், 1872-இல் அந்தப் பாட்டை ஜெர்மனில் மொழிபெயர்த்து, அதுவே மூலம் என்று விளையாட்டாக வாதிட்டார். கேலிக்கு உள்ளானவர்களே முதலில் ரசித்தார்கள்.

நெட்டுருப் போட்ட பாட்டுகள் காலப்போக்கில் மறைந்தன. முதலையைத் தெரிந்தவர்களுக்குத் தேனீயைத் தெரியவில்லை. தொப்பித் தொழில் நலிந்தது, ஆமை சூப் விருந்திலிருந்து விலகியது. முதல் வாசகர்கள் கேட்டவுடன் சிரித்த இடங்களுக்கு விளக்கம் தேவைப்பட்டது. மார்ட்டின் கார்ட்னர் 1960-இல் வெளியிட்ட உரைப்பதிப்பு, மூலப் பாட்டுகளையும் வழக்கங்களையும் பக்க ஓரத்தில் தந்து அந்தக் குறையைத் தீர்த்தது. இதற்குள் மொழிபெயர்ப்பாளர்கள் வேறொரு வழி கண்டிருந்தார்கள். விளதிமிர் நபக்கவ் 1923-இல் பெர்லினில் வெளியிட்ட ரஷ்ய வடிவத்தில், ஐசக் வாட்ஸின் இடத்தில் ரஷ்யப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் புஷ்கினும் லெர்மன்தவும் வந்து உருமாறினார்கள். நார்மன் படையோடு வந்த எலி, நெப்போலியன் பின்வாங்கியபோது விட்டுச்சென்ற எலியானது. அந்த எலி ஓதும் வறண்ட பாடமும் கீவ் அரசர்களின் வரலாறாக மாறியது.